இசை உரிமக் கட்டணமும் பாடலாசிரியர் பங்கும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தேநீர்க் கடை, சிற்றுணவு விடுதி, முடிதிருத்தகம், துணிக்கடை, மனமகிழ் மன்றம் ஆகிய இடங்களில் திரைப்பாடல் ஒலிப்பது நம் அன்றாட வாழ்வின் ஒரு கூறாகும். அப்பாடலுக்காகக் கடைக்காரர் பணம் செலுத்த வேண்டுமா, செலுத்துவதாயின் யாருக்கு என்னும் வினா எழும்போது இருவேறு விடைகள் பிறக்கின்றன. இசைத்தட்டையோ ஒலிநாடாவையோ விலை கொடுத்து வாங்கிய பின்னர் மீண்டும் கட்டணம் எதற்கு என்பது கடைக்காரரின் விடை. தம் பாட்டு ஒரு கடைக்கு ஆள் சேர்க்குமாயின் அவ்வருவாயில் தமக்கும் பங்குண்டு என்பது படைத்தோரின் விடை. இவ்விரண்டிற்கும் இடையே எழுந்ததே இசை உரிமக் கட்டணம் என்னும் ஏற்பாடு.

திரைப்பாடல் பற்றிய தமிழாய்வுகள் பாடுபொருள், யாப்பு, நாட்டுப்புறக் கூறுகள், அரசியல் கருத்துகள் முதலியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளன. ஒரு பாட்டு பொதுவிடத்தில் ஒலிக்குந்தோறும் பிறக்கும் பணம் எவ்வழியே சென்றது என்பது அரிதாகவே நோக்கப்பட்டுள்ளது. சிறு வணிகரின் முறையீடும் பாடலாசிரியரின் முறையீடும் ஒன்றற்கொன்று பகையானவை அல்ல. ஒரே பாதையின் இரு முனைகளில் எழுந்தவை என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அப்பாதையின் வரலாற்றை இந்தியச் சட்டங்கள், தீர்ப்புகள் ஆகியவற்றின் துணைகொண்டு விளக்குவது இதன் நோக்கம்.

1. சொல்லும் பொருளும்

இவ்வுரிமையைத் தமிழில் பதிப்புரிமை என்று வழங்குகிறோம். இச்சொல் அச்சு நூலை நடுவாகக் கொண்டு பிறந்தது. நூலைப் பதிப்பித்தல், படியெடுத்தல், விற்றல் ஆகிய செயல்களே இச்சொல்லைக் கேட்டவுடன் நினைவிற்கு வருவன. பாட்டுக்கோ அச்சினும் மேலான வாழ்வு அது பாடப்படுவதிலும் ஒலிக்கப்படுவதிலும் உள்ளது. ஒரு படைப்பைப் பலர் கூடும் இடத்தில் நிகழ்த்தும் உரிமையை நிகழ்த்துரிமை எனலாம். பதிப்புரிமை என்னும் பெருவட்டத்துள் அடங்கும் தனியுரிமை இது. இசைத்தட்டை வாங்கியவர் அத்தட்டுக்கு உடையவர் ஆகிறார். அதிலுள்ள பாட்டைப் பொதுவில் ஒலிக்கும் உரிமை அவ்விற்பனையோடு கைமாறுவதில்லை. 'பதிப்பு' என்னும் சொல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுவதால், கட்டணம் கேட்கப்படும்போது கடைக்காரருக்கு அது புதிய வரியாகவே தோன்றுகிறது.

மேலும், ஒரு திரைப்பாடல் சட்டத்தின் நோக்கில் ஒரு பொருள் அன்று. மூன்று பொருள்களின் தொகுதி. சொற்கள் இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. பதிவான ஒலி ஒலிப்பதிவு. முன்னிரண்டின் சார்பாக இந்தியாவில் கட்டணம் பெறுவது 1969இல் நிறுவப்பட்ட இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் ஆகும். இது ஐ.பி.ஆர்.எஸ். என வழங்கப்பெறும். ஒலிப்பதிவின் சார்பாகக் கட்டணம் பெற 1941இல் தோன்றியது ஃபோனோகிராஃபிக் பெர்ஃபார்மன்ஸ் லிமிடெட் என்னும் பி.பி.எல். எனவே ஒரே பாட்டை ஒலிக்கும் ஓர் உணவு விடுதியை நாடி இரு வேறு அமைப்புகள் வருதல் இயல்பாயிற்று.

2. பரிசில் மரபின் இருவகை

படைத்தோர்க்குப் பொருள் வழங்கும் முறை தமிழர்க்குப் புதிதன்று. பதிற்றுப்பத்தின் பதிகங்கள் புலவர் பெற்ற பரிசில்களைக் குறிக்கின்றன. செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலருக்கு நூறாயிரம் காணமும், மலைமீதேறிக் கண்ட நிலமும் அளித்ததாக ஏழாம் பத்தின் பதிகம் கூறும். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் குமட்டூர்க் கண்ணனாருக்கு உம்பற்காட்டில் ஐந்நூறு ஊர்களை வழங்கியதோடு, தென்னாட்டு வருவாயில் ஒரு பகுதியை 38 ஆண்டுகள் அளித்தான் என்பது இரண்டாம் பத்தின் பதிகச் செய்தி. பதிகங்கள் பிற்காலத்தன என்பது அறிஞர் கருத்தாயினும், பரிசில் பற்றிய மரபறிவை அவை காட்டுகின்றன என்பதில் ஐயமில்லை.

இவ்விரு செய்திகளும் இருவேறு முறைகளைக் காட்டுகின்றன. கபிலர் பெற்றது ஒரே முறை அளிக்கப்பட்ட கொடை. கண்ணனார் பெற்றவற்றுள் ஒன்று ஆண்டுதோறும் வரும் பங்கு. இரண்டும் புரவலன் ஒருவனின் கொடைகளே. கேட்போர் பலரிடமிருந்து உரிமையாகப் பெற்றவை அல்ல. எனவே இவற்றை இன்றைய உரிமைத்தொகையோடு ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், ஒருமுறைக் கொடையா தொடர்பங்கா என்னும் இவ்வேறுபாடு பின்வரும் வரலாற்றை விளங்கிக்கொள்ளப் பெரிதும் துணைசெய்யும்.

3. பாரிசும் இலண்டனும்

கேட்போர் கூடும் கடையிலிருந்து படைத்தோர்க்குப் பணம் பெறும் முறை பாரிசில் தொடங்கியது. 1847இல் எர்னஸ்ட் பூர்ழே என்னும் பாடலாசிரியர், பரிசோ, ஆன்ரியோன் ஆகிய இசையமைப்பாளர் இருவரோடு ஓர் இசைக் காப்பியகத்தில் அமர்ந்திருந்தார். தம் பாடல்கள் அங்கு இசைவின்றி நிகழ்த்தப்படுவதைக் கேட்ட அவர்கள், தாம் அருந்தியதற்குப் பணம் தர மறுத்தனர். பாட்டுக்குப் பணம் தராத கடைக்குப் பானத்திற்கு மட்டும் பணம் ஏன் தரவேண்டும் என்பது அவர்தம் வழக்கு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் 1791இல் பிறந்த நிகழ்த்துரிமைச் சட்டத்தின் அடிப்படையில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பயனாக 1851இல் எழுந்த சங்கம் தன் பெயரிலேயே பாடலாசிரியர், இசையமைப்பாளர், இசைப் பதிப்பாளர் மூவரையும் இவ்வரிசையிற் கொண்டது. வழக்கைத் தொடங்கியவருள் ஒருவர் சொற்களை எழுதியவர் என்பதும், சங்கத்தின் பெயரில் முதலிடம் பெற்றவர் பாடலாசிரியர் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கன.

இங்கிலாந்தின் வரலாறு இதற்கு ஓர் எதிர்முகத்தைக் காட்டும். 1833ஆம் ஆண்டுச் சட்டப்படி இசைவின்றி நிகழ்த்தும் ஒவ்வொரு முறைக்கும் 40 சில்லிங் தண்டம் பெற இயன்றது. இசைக்கும் நீட்டிக்கப்பட்ட இவ்விதியை 1870களில் வால் என்னும் ஒருவர் தொழிலாகவே மேற்கொண்டார். பழைய பாடல்களின் உரிமைகளைப் பெற்று, அறக்கொடைக்காகப் பாடிய எளியோரிடமும் தண்டம் கேட்டார். பாட்டின் ஏட்டை விலைக்கு வாங்கியவர்கள் அதனைப் பாடியதற்காகத் தண்டிக்கப்படுவதைக் கண்டு மக்கள் வெகுண்டனர். நிகழ்த்துரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் அதனை ஏட்டின் முகப்பிலேயே அச்சிட வேண்டும் என 1882ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. தண்டத்தைக் குறைக்கும் அதிகாரத்தை 1888ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றத்திற்கு அளித்தது. கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பது முன்கூட்டித் தெரியாத கட்டணம் நேரிய உரிமையையும் வெறுக்கச் செய்யும் என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம். 1914இல் இலண்டனில் நிகழ்த்துரிமைச் சங்கம் தோன்றியபோது இவ்வெறுப்பின் நிழல் முற்றிலும் நீங்கியிருக்கவில்லை.

4. இந்தியாவில் தொடக்கம்

1911ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சட்டத்தைத் தழுவி 1914இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. இலண்டன் நிகழ்த்துரிமைச் சங்கம் பம்பாய் உணவு விடுதி ஒன்றன்மீது தொடுத்த வழக்கு 1939ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்றுள்ளது. இந்தியாவிலும் இச்சிக்கல் உணவு விடுதியின் வாயிலாகவே நீதிமன்றம் ஏறியது என்பது இதனாற் புலனாகும்.

1958 சனவரி 21இல் நடைமுறைக்கு வந்த 1957ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வகைச் சங்கங்களுக்கெனத் தனி இயல் ஒன்றை வகுத்தது. சங்கம் தன் கட்டண அட்டவணையை வெளியிட வேண்டும். அதனை ஏற்காதவர் எதிர்ப்புரை அளிக்கலாம். பதிப்புரிமை வாரியம் அவற்றை ஆராய்ந்து முடிவு செய்யும். இலண்டனில் வால் விளைத்த கேட்டை நினைந்தால் இவ்வேற்பாட்டின் நலம் விளங்கும்.

அதே சட்டத்தில் ஒரு குறையும் இருந்தது. இசைப் படைப்பு என்பதற்கு எழுத்திலோ அச்சிலோ குறிக்கப்பெற்ற இசையமைப்பு என்னும் பொருளிலேயே இலக்கணம் கூறப்பட்டது. வாய்வழியே பிறந்து வாய்வழியே வாழும் இந்திய இசைக்கு இவ்விலக்கணம் பொருந்தவில்லை. எழுத்துக் குறிப்பு இன்றியமையாதது என்னும் இந்நிலை மாற 1994ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது.

5. 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பு

1969 ஆகஸ்டில் நிறுவப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். அவ்வாண்டு செப்டம்பரில் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழிலும் நவம்பரில் அரசிதழிலும் தன் கட்டண அட்டவணையை வெளியிட்டது. திரைப்படத் தயாரிப்பாளர் சங்கங்களும் திரையரங்கினர் சங்கமும் எதிர்ப்புரை அளித்தன. பாட்டுக்கும் மெட்டுக்கும் பணம் கொடுத்து எழுதுவித்தவர் தயாரிப்பாளர். ஆதலின் உரிமை அவருடையது என்பது அவர்தம் வாதம். வாரியம் சங்கத்தின் பக்கமும், கல்கத்தா உயர்நீதிமன்றம் தயாரிப்பாளர் பக்கமும் நின்றன. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

1977 மார்ச்சு 14இல் நீதிபதிகள் ஜஸ்வந்த் சிங், வி. ஆர். கிருஷ்ணய்யர் ஆகியோர் தீர்ப்பளித்தனர். தயாரிப்பாளர் தக்க பொருள் கொடுத்துத் திரைப்படத்திற்கெனப் பாட்டையோ இசையையோ ஆக்குவித்தால், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, அதன் முதல் உடைமையாளர் தயாரிப்பாளரே என்பது அதன் சாரம். சட்டத்தின் 17ஆம் பிரிவிற்கு அளிக்கப்பட்ட விளக்கம் இது. தீர்ப்போடு இணைத்து எழுதிய தம் குறிப்பில் கிருஷ்ணய்யர், பாடகர்க்குச் சட்டத்தில் இடமின்மையைச் சுட்டிச் சட்டமன்றத்தின் கவனத்தை வேண்டினார். நிகழ்த்துநர் உரிமை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இடம்பெற்றது. பாடகர்களுக்கான பதிப்புரிமைச் சங்கம் 2013இல் பதிவு பெற்றது.

பரிசில் மரபின் சொற்களிற் கூறுவதாயின், 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பு பாடலாசிரியரைக் கபிலர் நிலையில் வைத்தது. தயாரிப்பாளர் அளித்த தொகையே முதலும் முடிவுமான கொடை. அதன்பின் அப்பாட்டு எத்தனை கடைகளில் எத்தனை ஆண்டுகள் ஒலித்தாலும், ஒப்பந்தத்தில் தனியே எழுதிக்கொள்ளாத பாடலாசிரியர்க்கு அதில் பங்கில்லை. புரவலனிடம் கபிலர் பெற்ற மதிப்போ ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் இளம் பாடலாசிரியர்க்கு வாய்ப்பதில்லை. வாய்ப்புக்காகக் காத்திருப்பவர் மாறான நிபந்தனை விதித்தல் எளிதன்று.

6. இடைவெளிக் காலம்: 1977 முதல் 2012 வரை

இக்காலப்பகுதியில் ஒலிநாடா பெருகியது. சிற்றூர்த் தேநீர்க் கடைக்கும் பேருந்திற்கும் திரைப்பாடல் எளிதாகச் சென்று சேர்ந்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துரிமைச் சங்கம் என்னும் பழைய இயலை நீக்கிப் பதிப்புரிமைச் சங்கம் என்னும் புதிய இயலை வைத்தது. ஐ.பி.ஆர்.எஸ்., பி.பி.எல். ஆகிய இரண்டும் 1996இல் இவ்வியலின்கீழ்ப் பதிவு பெற்றன. கட்டண அட்டவணையை எதிர்த்து வாரியத்தை அணுகும் பழைய வழி புதிய இயலில் இடம்பெறவில்லை.

இதன் விளைவை இரு முனைகளிலும் காணலாம். ஒரு முனையில் சிறு வணிகர், கட்டணம் மிகையெனக் கருதினும் முறையிட இடமின்றி நின்றார். மறுமுனையில் பாடலாசிரியர், தம் தொழிலின் பெயராற் கட்டணம் கேட்கப்படினும் அதன் பயன் பெரும்பாலும் உரிமை வாங்கிய இசை நிறுவனத்தையே சேர்தலைக் கண்டார். படைத்தவர்க்குப் பங்கு தருக என்று கேட்கப்பட்ட வணிகருக்கு, அப்பங்கு படைத்தவரைச் சேர்கிறது என்னும் உறுதி இல்லை. கட்டணத்தின் மீதான வணிகரின் ஐயம் வெறும் கஞ்சத்தனமாகக் கொள்ளத்தக்கதன்று. அதற்கு இச்சட்டநிலையே ஒரு காரணம் ஆயிற்று.

7. 2012ஆம் ஆண்டுத் திருத்தம்

2010இல் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு தன் 227ஆம் அறிக்கையை அவ்வாண்டே அளித்தது. மாநிலங்களவையின் நியமன உறுப்பினரான பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் படைத்தோர் சார்பாக அவையில் வாதிட்டார். 2012 மே மாதம் இரு அவைகளிலும் நிறைவேறிய திருத்தம் சூன் 21இல் நடைமுறைக்கு வந்தது.

இத்திருத்தத்தின் கூறுகளுள் மூன்று இக்கட்டுரைக்கு இன்றியமையாதன. முதலாவது, திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெறும் பாட்டின் ஆசிரியரும் இசையமைப்பாளரும் உரிமைத்தொகையைச் சமநிலையிற் பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க இயலாது. அவ்வாறு எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. திரையரங்கில் படத்தோடு காட்டப்படுதல் மட்டுமே இதற்கு விலக்கு. இரண்டாவது, பதிப்புரிமைச் சங்கத்தின் ஆட்சிக்குழுவில் படைத்தோரும் உடைமையாளரும் சம எண்ணிக்கையில் இருத்தல் வேண்டும். மூன்றாவது, சங்கம் கட்டண அட்டவணையை வெளியிட வேண்டும். அதனால் பாதிக்கப்பட்டோர் மேல்முறையீடு செய்யலாம். 1994இல் மறைந்த வழி 33அ பிரிவின் வாயிலாக மீண்டும் திறந்தது.

கடையில் ஒலிக்கும் பாட்டு திரையரங்கிற்கு வெளியே நிகழும் பயன்பாடு ஆதலின், தேநீர்க் கடையின் கட்டணமும் பாடலாசிரியரின் பங்கும் சட்டத்தில் முதன்முறையாக உறுதியாக இணைந்தது இத்திருத்தத்தால் எனலாம். கண்ணனார் பெற்ற தொடர்பங்கு முறைக்குச் சட்டம் நகர்ந்தது. பாரிசில் முதலில் நின்ற பாடலாசிரியர் இந்தியாவில் இறுதியில் வந்து சேர 1969 முதல் 43 ஆண்டுகள் ஆயின. ஐ.பி.ஆர்.எஸ். புதிய விதிகளின்கீழ் மறுபதிவு பெற்றது 2017 நவம்பரில்தான் என்பதையும் சேர்த்து நோக்கினால் காலத்தாழ்வு மேலும் நீளும்.

8. ஒரு பாடல், மூன்று காலக்கெடு

சிறு கடைக்காரர் எதற்குப் பணம் தருகிறார் என்பதை ஒரு சான்றால் விளக்கலாம். 1958இல் வெளிவந்த 'பதிபக்தி' திரைப்படத்திற்குப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி, விசுவநாதன்–இராமமூர்த்தி இணையர் இசையமைத்த ஒரு பாடலைக் கொள்வோம். அது அவ்வாண்டே இசைத்தட்டாகவும் வெளிவந்தது எனக் கொண்டால், ஒலிப்பதிவின் உரிமை வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள் நின்று 2018 இறுதியில் முடிந்திருக்கும். சொற்களின் உரிமை ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள். பட்டுக்கோட்டையார் 1959இல் மறைந்தார். ஆகவே அது 2019 இறுதியில் முடிந்தது. மெட்டு இருவர் கூட்டுப்படைப்பு. இறுதியாக மறைந்தவரின் காலத்திலிருந்து 60 ஆண்டுகள் கணக்கிடப்படும். இராமமூர்த்தி 2013இலும் விசுவநாதன் 2015இலும் மறைந்தனர். எனவே மெட்டின் உரிமை 2075 இறுதிவரை நீளும்.

இப்பாடலை ஒலிக்கும் கடைக்காரர் 2018 வரை மூன்று உரிமைகளைக் கருத வேண்டியிருந்தது. 2020 முதல் ஒன்றே எஞ்சுகிறது. இவ்வேறுபாடு கட்டண அட்டவணையில் தோன்றுவதில்லை. இருக்கை எண்ணிக்கை, பரப்பளவு போன்ற அளவுகோல்களால் மொத்தமாகக் கட்டணம் விதிப்பதே பெருவழக்கு. பழம்பாடல்களை மட்டும் ஒலிக்கும் சிறு கடைக்கும் புதுப்பாடல்களை ஒலிக்கும் கடைக்கும் ஒரே அளவுகோல் அமைவது முறையீட்டிற்குரியதே.

9. நாட்டுடைமையும் அதன் எல்லையும்

தமிழகம் இச்சிக்கலுக்குத் தனக்கே உரிய ஒரு தீர்வைக் கண்டது. பாரதியார் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை தனியார் கைகளில் இருந்தமையால் 1940களில் பூசல் எழுந்தது. 1948இல் வெளிவந்த 'பில்ஹணன்' படத்தில் பாரதியார் பாடல் இடம்பெற்றது தொடர்பாக ஏ. வி. மெய்யப்பன் தரப்பிற்கும் டி. கே. சண்முகம் தரப்பிற்கும் வழக்கு நேர்ந்தது. மக்கள் கிளர்ச்சியின் பயனாக 1949இல் சென்னை அரசு உரிமைகளைப் பெற்றது. மெய்யப்பன் தொகை பெறாமலே தம் உரிமையை அளித்தார். 1950களின் நடுவில் பாரதியார் படைப்புகள் பொதுமக்கள் உடைமையாயின. பின்னர்ப் பல எழுத்தாளரின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டு அவர்தம் குடும்பத்தினர்க்குத் தொகை வழங்கப்பட்டது. பட்டுக்கோட்டையார் படைப்புகள் 1993இல் நாட்டுடைமையாயின.

இம்முறை நூல் பதிப்பிற்குப் பெரும்பயன் தந்தது. கடையில் ஒலிக்கும் பாட்டுக்கோ அதன் பயன் ஓர் எல்லைக்கு உட்பட்டது. நாட்டுடைமை சொற்களை விடுவிக்கலாம். மெட்டையும் ஒலிப்பதிவையும் அது தொடுவதில்லை. மேலும் அதுவும் ஒருமுறைக் கொடையே. கொடுப்பவர் தயாரிப்பாளருக்கு மாற்றாக அரசு என்பதே வேறுபாடு. பெரும்பாலும் மறைந்த எழுத்தாளர்க்கே பயன்பட்ட இம்முறை, எழுதிக்கொண்டிருக்கும் பாடலாசிரியரின் வாழ்வுக்கு மாற்றாகாது.

10. சிறு மன்றங்களும் விலக்குகளும்

சட்டம் எளியோர்க்குச் சில விலக்குகளை அளித்துள்ளது. இலாப நோக்கமின்றி நடத்தப்படும் மன்றம் அல்லது அதனையொத்த அமைப்பு தன் செயல்பாடுகளின் பகுதியாக ஒலிப்பதிவை ஒலிக்கலாம் என்பது 52ஆம் பிரிவின் ஒரு கூறு. தொழில்முறை சாராத கலைக்குழு கட்டணம் பெறாத அவையினர் முன்னோ, சமய நிறுவனம் ஒன்றன் நலனுக்காகவோ நிகழ்த்துதலும் விலக்குப் பெறும். சமயச் சடங்கு, அரசு விழா, திருமண ஊர்வலம், திருமணம் சார்ந்த பிற கொண்டாட்டங்கள் ஆகியனவும் அவ்வாறே.

இவை தமிழகத்திற்கு வெளியே உள்ள தமிழ் அமைப்புகளுக்கு நேரடித் தொடர்புடையன. பொங்கல் விழாவில் உறுப்பினரின் பிள்ளைகள் இலவசமாகப் பாடுதலும், சங்கத்தின் கூடத்தில் உறுப்பினர்க்காக ஒலிப்பதிவை ஒலித்தலும் விலக்கிற்குள் அடங்கும். நுழைவுச் சீட்டு விற்று, ஊதியம் கொடுத்து இசைக்குழுவை வரவழைத்தால் விலக்கு நீங்கும். இவ்வெல்லை அறியாமையால் தேவையற்ற இடத்தில் பணம் செலுத்துவோரும், தேவையான இடத்தில் செலுத்தாதோரும் உண்டாதல் கூடும்.

விலக்கின் எல்லை குறித்துப் பூசல்களும் எழுந்துள்ளன. திருமண நிகழ்ச்சிகளில் கட்டணம் கேட்கலாகாது என ஒன்றிய அரசின் துறை 2023 சூலையில் அறிவித்தது. கோவா அரசு 2024 சனவரியில் இதே பொருளில் வெளியிட்ட சுற்றறிக்கையை மும்பை உயர்நீதிமன்றத்தின் கோவா அமர்வு அவ்வாண்டு ஆகஸ்டில் நீக்கியது. சட்டம் கூறும் விலக்கைச் சுற்றறிக்கையால் விரிக்க இயலாது என்பது அதன் கருத்து.

இலாப நோக்குடைய மிகச் சிறிய கடைக்கு இந்தியச் சட்டத்தில் பரப்பளவு சார்ந்த தனிவிலக்கு இல்லை. அமெரிக்கா 1998இல் 2,000 சதுர அடிக்கும் குறைந்த கடைகளும் 3,750 சதுர அடிக்கும் குறைந்த உணவு விடுதிகளும் வானொலி, தொலைக்காட்சி இசையைக் கட்டணமின்றி ஒலிக்க இடமளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் முறையீட்டை ஆராய்ந்த உலக வணிக அமைப்பின் நடுவர் குழு, இவ்விலக்கு அளவு கடந்தது என 2000இல் முடிவு செய்தது. ஆண்டுக்கு 12,19,900 யூரோ இழப்பு என 2001இல் கணக்கிடப்பட்டது. சிறியோர்க்கு இரங்குதல் நன்று; ஆயின் அவ்விரக்கத்தின் செலவு படைத்தோரின் கணக்கில் எழுதப்படுகிறது என்பதை இவ்வழக்கு உணர்த்தும்.

11. கேட்பவர் யார்?

2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் எழுந்த பெருஞ்சிக்கல், உரிமம் வழங்கும் தகுதி யாருக்கு என்பதாகும். பதிவு பெற்ற சங்கமாக அல்லாத நிறுவனங்களும் உரிமையை எழுதி வாங்கிக் கட்டணம் கேட்டன. உரிமம் வழங்கும் தொழிலைப் பதிப்புரிமைச் சங்கமே நடத்தலாம் எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 டிசம்பரில் கூறியது. உடைமையாளர் தாமே வழங்கலாம் என மும்பை உயர்நீதிமன்றம் 2024 சனவரியில் கூறியது. தில்லி உயர்நீதிமன்றத்தின் இருநீதிபதி அமர்வு, உணவு விடுதிகள் தொடர்பான வழக்கில் 2025 ஏப்ரலில் சென்னைத் தீர்ப்பையொத்த நிலையை எடுத்தது. பி.பி.எல். தான் பதிவு பெறாத நிலையில், ஒலிப்பதிவுக்கெனப் பதிவு பெற்ற வேறொரு சங்கத்தின் அட்டவணைப்படியே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்றது. அம்மாதமே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பின் ஒரு பகுதிக்குத் தடை விதித்தது.

இவ்வாறு நீதிமன்றங்கள் மாறுபடும்போது பெருநிறுவனங்கள் வழக்கறிஞர் துணையோடு காத்திருக்கலாம். பத்து இருக்கை கொண்ட விடுதி காத்திருக்க இயலாது. பதிவு பெற்ற சங்கத்திற்கே அட்டவணையை வெளியிடும் கடமையும், படைத்தோரைச் சமமாக ஆட்சிக்குழுவில் வைக்கும் கடமையும் உள்ளன. சங்கம் அல்லாதவர்க்கு இக்கடமைகள் இல்லை. எனவே 'கேட்பவர் யார்' என்பது வணிகருக்கு மட்டும் உரிய வினா அன்று, பாடலாசிரியர்க்கும் உரியது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. நிகழ்த்துரிமைக் கட்டணம் பாரிசில் பாடலாசிரியர் பங்கேற்ற வழக்கில் பிறந்தது. இந்தியாவிலோ கட்டணம் முதலில் வந்தது. பாடலாசிரியர் பங்கு 2012இல்தான் சட்டத்தால் உறுதி பெற்றது.

2. சிறு வணிகர் முறையிடும் வழி மூடியிருந்த காலமும் பாடலாசிரியர்க்குப் பங்கு உறுதியில்லாத காலமும் பெரிதும் ஒன்றியே அமைந்தன. இரண்டும் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒருங்கே சீர்பெற்றன.

3. கட்டணம் நேரியதாக அமைய மூன்று வேண்டும்: முன்கூட்டி அறியத்தக்க அட்டவணை, பொறுப்புடைய ஒரே வாயில், படைத்தவரைச் சென்றடையும் பங்கு. மூன்றாவது சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. முதலிரண்டும் இன்னும் நிலைபெறவில்லை.

4. பங்கு சட்டத்தில் இருத்தல் போதாது. உரியவர் பெயர் தெரிதல் வேண்டும். பழைய தமிழ்த் திரைப்படங்கள் பலவற்றின் முகப்பில் பாடலாசிரியர் பெயர்கள் தொகுத்தே காட்டப்படுகின்றன. எப்பாட்டு எவருடையது என்பது அதனால் விளங்குவதில்லை. பாட்டுப் புத்தகங்கள், இசைத்தட்டு உறைகள், அக்கால இதழ்கள் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாடல்வாரியாக ஆசிரியர் பெயரடைவு உருவாக்குதல் தமிழ்த் துறைகளாற் செய்யத்தக்க பணி. பதிப்பாசிரியர்கள் சுவடிகளுக்குச் செய்ததை நாம் திரைப்பாடலுக்குச் செய்தல் வேண்டும். இதுகாறும் ஆசிரியர் ஆய்வாகக் கருதப்பட்ட இப்பணி, ஒரு பாடலாசிரியரின் முதுமைக்கும் அவர்தம் குடும்பத்தின் வருவாய்க்கும் சான்றாவணமாக இன்று அமையக்கூடும்.